கலீனாவில் ஆற அமர இரண்டு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிகாகோ வட்டாரத்தில் வாழ்பவர்களும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கும் பெற்றோரும், வார இறுதிக்கு எங்கே போகலாம் என்று யோசிக்கும்போது கலீனாவின் பெயர் எப்படியும் அடிபடும். அந்த ஊருக்குப் பலமுறை போய்வந்தவன் என்பதால் என்னிடம் வழக்கமாகக் கேட்கப்படும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் சொல்லும் விடைகளையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கலீனா எங்கே இருக்கிறது? அப்படி என்ன சிறப்பு?

இல்லினாய்ஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், சிகாகோவிலிருந்து ஏறத்தாழ 160 மைல் தொலைவில் இருக்கும் சிற்றூர் இது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 3,308. மேற்கே சில மைலில் மிசிசிப்பி ஆறு, அக்கரையில் அயோவா, வடக்கே கொஞ்சம் போனால் விஸ்கான்சின். இல்லினாய்ஸ் என்றாலே கண்ணுக்கு எட்டியவரை தட்டையான சோளக்காடுதான் நினைவுக்கு வரும். பனியுகத்தில் மாநிலத்தின் பெரும்பகுதியைத் தேய்த்துச் சமமாக்கிய பனிப்படலங்கள் இந்த மூலைக்கு வரவில்லை என்பதால், இங்கே குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் அப்படியே நிற்கின்றன. ஒரு குன்றின் சரிவில் செங்கல் கட்டடங்களும் தேவாலயக் கோபுரங்களும் அடுக்கடுக்காக ஏறிச் செல்வதை, ஊரை ஒட்டி ஓடும் கிளை ஆற்றின் மறுகரையிலிருந்து பார்ப்பதுதான் கலீனாவின் முதல் காட்சி. ஊரின் பெரும்பகுதி 1969-ஆம் ஆண்டிலேயே தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் சேர்க்கப்பட்டுவிட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஊர் ஒன்று எப்படி அழியாமல் நின்றது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு போனால் ஊரைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நம்மிடையே "வாழ்ந்து கெட்ட குடும்பம்" என்று ஒரு வழக்கு உண்டு. கலீனா வாழ்ந்து கெட்ட ஊர். வாழ்ந்ததனால் கட்டடங்கள் வந்தன. கெட்டதனால் அவை இடிபடாமல் தப்பின.

ஊரின் பெயரே ஈயத் தாதுவின் பெயர். வெள்ளையர் வருவதற்கு முன்பே மெஸ்குவாக்கி, சாக் முதலிய பழங்குடி மக்கள் இங்கே ஈயம் எடுத்தார்கள். மெஸ்குவாக்கியரிடையே தோண்டும் வேலையில் பெண்களே முன்னின்றார்கள். 1820-களில் அமெரிக்க அரசு சுரங்கக் குத்தகை கொடுக்கத் தொடங்கியதும் கூட்டம் குவிந்தது. துப்பாக்கிக் குண்டு, குழாய், வண்ணப்பூச்சு, அச்செழுத்து என எல்லாவற்றுக்கும் ஈயம் வேண்டியிருந்த காலம் அது. 1845-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 27,000 டன் ஈயம் இந்த ஊர் வழியாக வெளியே போயிற்று; நாட்டில் கிடைத்த ஈயத்தின் மிகப் பெரும் பங்கு அது. மிசிசிப்பியிலிருந்து கிளை ஆற்றில் ஏறி வரும் நீராவிப் படகுகள் ஊர்க் கரையில் வரிசை கட்டி நின்றன. சிகாகோ அப்போதுதான் தலையெடுத்துக்கொண்டிருந்தது.

ஊரை உயர்த்திய அதே தொழில்தான் அதன் அடியையும் அரித்தது. ஈயத்தை உருக்க விறகு வேண்டும். விறகுக்காகச் சுற்றியிருந்த குன்றுகளின் மரங்கள் எல்லாம் வெட்டப்பட்டன. மொட்டைக் குன்றின் மண்ணும் சுரங்கத்தில் தோண்டிப் போட்ட மண்ணும் மழைக்குக் கரைந்து ஆற்றில் இறங்கி, ஆறு மெல்லத் தூர்ந்துபோயிற்று. எளிதில் எட்டும் ஆழத்தில் இருந்த தாது தீர்ந்தது. 1849-இல் கலிபோர்னியாவின் தங்கம் சுரங்கத் தொழிலாளர்களை இழுத்துக்கொண்டது. 1854-இல் ரயில் வந்ததும் சரக்குக்கு ஆறே வேண்டாம் என்றாயிற்று. இன்று நடைபாலத்தில் நின்று கீழே பார்த்தால், பெரிய நீராவிப் படகுகள் இதற்குள்ளா திரும்பின என்று நம்ப முடியாது. நம்ம ஊர் வாய்க்கால் ஒன்று கொஞ்சம் அகன்றாற்போலத்தான் இருக்கும்.

பணம் போன ஊரில் பழையதை இடித்துப் புதியது கட்ட எவருக்கும் வசதியில்லை. மற்ற ஊர்களில் 1900-க்குப் பிறகு எழுந்த பெரிய கடைகளும் வாகன நிறுத்தங்களும் இங்கே எழவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஓவியர்களும் பழம்பொருள் வணிகர்களும் வந்து பார்த்தபோது, 1850-களின் கடைத்தெரு அப்படியே கிடந்தது.

எத்தனை நாள் ஒதுக்க வேண்டும்?

இரண்டு இரவுகள். காலையில் கிளம்பி இரவே திரும்புபவர்கள் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் காரிலேயே கழித்து, மெயின் ஸ்ட்ரீட்டில் ஒரு ஐஸ்கிரீம் தின்றுவிட்டு, "பெரிதாக ஒன்றும் இல்லையே" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். பகலில் பார்த்தால் அது நெரிசலான ஒரு கடைத்தெரு மட்டுமே. மாலை ஆறு மணிக்குப் பிறகு, பகல்நேரக் கூட்டம் வடிந்து, ஆற்றை ஒட்டி வளைந்து போகும் தெருவின் விளக்குகள் எரிந்து, எங்கோ சரக்கு ரயிலின் ஊதல் கேட்கும் நேரத்தில்தான் ஊர் தன் முகத்தைக் காட்டும். மூன்றாவது இரவு தேவையில்லை. நான்கு நாள் தங்கினால் குழந்தைகள் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள்.

எந்த மாதம் உகந்தது?

பெரும்பாலோர் இலை நிறம் மாறும் அக்டோபர் நடுப்பகுதியைச் சொல்வார்கள். காட்சி அழகானதுதான்; ஆனால் அந்த மாதத்தில் கொலம்பஸ் தின வார இறுதியில் கிராண்ட் பூங்காவில் கிராமியச் சந்தை நடக்கும், மாதக் கடைசியில் ஹாலோவீன் ஊர்வலம் நடக்கும், அறை வாடகையோ உச்சத்தில் இருக்கும். ஓர் அக்டோபர் சனிக்கிழமை நண்பகலில் போய்ச் சேர்ந்து, காரை நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் குன்றின் குறுக்குத் தெருக்களில் சுற்றியவன் நான். ஓய்வுதான் நோக்கம் என்றால் அதே மாதத்தில் திங்கள் முதல் வியாழன் வரை போங்கள், அல்லது மே கடைசியில் போங்கள். ஜூன் மாதத்தில் வெப்பக் காற்றுப் பலூன் போட்டி நடக்கும் வார இறுதி குழந்தைகளுக்குப் பிடிக்கும். டிசம்பரில் ஓர் இரவு, தெருவோரங்களிலும் படிகளிலும் ஆயிரக்கணக்கான சிறு விளக்குகளை ஏற்றி வைப்பார்கள். குளிருக்குத் தயாராகப் போனால், நம் கார்த்திகை தீபத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது மறக்காது. ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பனிச்சறுக்குபவர்களைத் தவிர மற்றவர்கள் போகாமல் இருப்பது நல்லது.

கார் இல்லாமல் போக முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சிகாகோவிலிருந்து இந்த வழியாக டுபியூக் நகருக்கு ஓடிய பயணி ரயில் 1981-இல் நின்றுவிட்டது. இப்போது தண்டவாளத்தில் சரக்கு ரயில் மட்டுமே போகிறது. வெளியூரிலிருந்து விமானத்தில் வருபவர்கள் சிகாகோவில் இறங்கி வாடகைக் கார் எடுப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். நெடுஞ்சாலை 90 வழியாக ராக்ஃபோர்டு வரை வந்து, பிறகு 20-ஆம் எண் சாலையில் மேற்கே திரும்ப வேண்டும். மொத்தம் மூன்று மணி நேரம்.

ஃப்ரீபோர்ட்டைத் தாண்டியதும் சாலை இருவழியாகக் குறுகி, ஏற்ற இறக்கமும் வளைவுமாக மாறும். அந்தக் கடைசி ஐம்பது மைலை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிடுங்கள். அந்தி சாயும் நேரத்தில் மான்கள் சாலையைக் கடக்கும், குறிப்பாக அக்டோபர், நவம்பரில். வழியில் ஸ்டாக்டன் என்றொரு சிற்றூர் வரும். உலகெங்கும் பாலாடைக்கட்டி விற்கும் கிராஃப்ட் நிறுவனம் தன் முதல் ஆலையை 1914-இல் தொடங்கிய இடம் அது. எலிசபெத் ஊருக்குப் பக்கத்தில் சாலையோரமாகவே நூறடி உயரப் பார்வைக் கோபுரம் ஒன்று நிற்கும். முதுகை நிமிர்த்த அங்கே வண்டியை நிறுத்தலாம்.

எங்கே தங்குவது?

மூன்று வகை இருக்கிறது: ஊருக்குள் பழைய விடுதி அல்லது வீடு, ஊருக்குச் சற்று வெளியே சாலையோர மோட்டல், கிழக்கே சில மைல் தள்ளி, ஏரியும் கோல்ஃப் மைதானமும் சூழ்ந்த கலீனா டெரிட்டரி குடியிருப்பில் வாடகை வீடு. இரண்டு மூன்று குடும்பமாகச் சேர்ந்து போய் சமைத்துச் சாப்பிட நினைப்பவர்களுக்கு மூன்றாவதுதான் சரி. இருவர் மட்டும் போவதாக இருந்தால் தயங்காமல் மெயின் ஸ்ட்ரீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் அறை எடுங்கள்; காரின் சாவியை இரண்டு நாள் தொடாமல் இருப்பதே பாதி ஓய்வு.

மெயின் ஸ்ட்ரீட் மூலையில் இருக்கும் டிசோட்டோ ஹவுஸ் 1855-இல் திறந்த விடுதி. அப்போது ஐந்து மாடி. ஊர் நொடித்தபின் 1880-இல் மேல் இரண்டு மாடிகளைக் கழற்றிவிட்டார்கள். 1856 ஜூலையில், குடியரசுத் தலைவர் ஆவதற்கு முன், ஆபிரகாம் லிங்கன் இதன் பால்கனியில் நின்று பேசினார். எந்தப் பழைய கட்டடத்தில் தங்கினாலும் மரத்தளம் கிரீச்சிடும், அடுத்த அறையின் பேச்சு மெல்லக் கேட்கும், சில இடங்களில் மின்தூக்கி இருக்காது. வார இறுதியில் பல வீடுகள் இரண்டு இரவுக்குக் குறைந்து தருவதில்லை என்பதையும், முன்பணத்தைத் திருப்பித் தரும் விதிகளையும் பதிவு செய்வதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

யுலிசஸ் கிராண்டின் வீடு என்கிறார்களே, பார்க்கத் தகுந்ததா?

கட்டாயம் பாருங்கள், அதற்கு முன், பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான அவருடைய கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். ராணுவத்தை விட்டு விலகி, மிசௌரியில் விவசாயம் செய்து நொந்து, வேறு வழியில்லாமல் 1860-இல் தன் 38-ஆம் வயதில் மனைவி, நான்கு குழந்தைகளோடு கலீனாவுக்கு வந்து, அப்பாவின் தோல்பொருள் கடையில் தம்பிமார் மேற்பார்வையில் எழுத்தர் வேலைக்குச் சேர்ந்தவர் கிராண்ட். குன்றின் மேலே ஹை ஸ்ட்ரீட்டில் சிறிய வாடகை வீடு. கீழே மெயின் ஸ்ட்ரீட்டில் கடை. இரண்டுக்கும் நடுவே செங்குத்தான படிகள். அடுத்த ஆண்டே உள்நாட்டுப் போர் மூண்டு, அவர் ஊரை விட்டுப் போனார். 1865 ஆகஸ்ட் 18 அன்று திரும்பி வந்தபோது வடக்குப் படையின் வெற்றித் தலைமைத் தளபதி. ஊர்ப் பெரியவர்கள் சிலர் 2,500 டாலருக்கு வாங்கி வைத்திருந்த செங்கல் வீட்டை அவருக்குப் பரிசாகக் கொடுத்தார்கள். "எனக்கு ஒரே அரசியல் ஆசை கலீனாவின் மேயராகி என் வீட்டுக்குப் போகும் நடைபாதையைச் சரிசெய்வதுதான்" என்று அவர் முன்பு வேடிக்கையாகச் சொன்னதை நினைவில் வைத்து, வரவேற்பு வளைவில் "தளபதியே, நடைபாதை போட்டாயிற்று" என்று எழுதி வைத்திருந்தார்களாம்.

அந்த வீடு ஆற்றின் கிழக்குக் கரைக் குன்றில் இருக்கிறது. அவருடைய பிள்ளைகள் 1904-இல் நகராட்சிக்குக் கொடுத்து, 1931-இல் மாநில அரசின் கைக்கு வந்த வீடு என்பதால், உள்ளே இருக்கும் சாமான்களில் பல அந்தக் குடும்பம் புழங்கியவையே. ஆளோடு போய் அறை அறையாகப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். தனியாக நுழைவுச்சீட்டு என்று இல்லாமல் நன்கொடை கேட்பார்கள். வாரத்தின் முதல் நாள்களில் மூடியிருக்கும் என்பதால், திறந்திருக்கும் நாளைக் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துத் தெருவில் வாஷ்பர்ன் என்ற காங்கிரஸ் உறுப்பினரின் வீடும் இருக்கிறது. 1868 தேர்தலில் தான் குடியரசுத் தலைவராக வென்ற செய்தியைக் கிராண்ட் அந்த வீட்டு நூலக அறையில் உட்கார்ந்துதான், தந்தி மூலம் அறிந்தார். வெற்றி விழாக் கூட்டத்தை இன்று தேடினாலும் கிடைக்காத அமைதியான தெரு அது.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

போகலாம், ஊரின் அமைப்பைப் புரிந்துகொண்டு திட்டமிட்டால். கலீனா மாடிமாடியாக இருக்கும் ஊர். கீழ்த்தட்டு மெயின் ஸ்ட்ரீட். அடுத்த தட்டு பெஞ்ச் ஸ்ட்ரீட். அதற்கும் மேலே பிராஸ்பெக்ட் ஸ்ட்ரீட். தட்டுக்குத் தட்டு படிக்கட்டு. மேலே இருக்கும் பழைய உயர்நிலைப் பள்ளிக்குப் போகும் படிகள் மட்டும் இருநூறுக்கு மேல். பழனிப் படியையே ஏறியவள் என்று சொல்லி என் அம்மா பாதிவரை ஏறிவிட்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றியபடி அங்கேயே உட்கார்ந்து ஊரைப் பார்த்தார். அங்கிருந்தே கூரைகளும் ஆறும் எதிர்க்கரையும் முழுதாகத் தெரிகின்றன என்பதால் யாருக்கும் நட்டமில்லை. மேல் தெருக்களுக்குக் காரிலேயே போய்விடலாம். மெயின் ஸ்ட்ரீட் முழுதும் ஏறத்தாழச் சமதளம். ஆனால் பல கடைகளின் வாசலில் ஒன்றிரண்டு படி உண்டு, நடைபாதை சில இடங்களில் மேடுபள்ளமாக இருக்கும். நடக்க முடியாதவர்களுக்கு ட்ராலி வண்டிச் சுற்றுலா இருக்கிறது. ஆற்றைக் கடக்கும் நடைபாலமும் அக்கரைக் கிராண்ட் பூங்காவும் மாலையில் அவர்களுக்கு ஏற்ற இடங்கள். பூங்காவில் உட்கார்ந்தால் எதிரே ஊர் முழுவதும் ஒரே சட்டகத்தில் தெரியும்.

மெயின் ஸ்ட்ரீட்டின் தெற்கு முனையில் பெரிய வெள்ளக் கதவுகள் இருப்பதை அவர்களுக்குக் காட்டுங்கள். ஆறு பெருகும்போது தெருவையே கதவு போட்டு மூடும் ஏற்பாடு அது. தூர்ந்த ஆறு அடிக்கடி ஊருக்குள் நுழைந்ததற்கு ஊர் கண்ட மருந்து.

சைவ உணவு கிடைக்குமா?

சமாளிக்கலாம். இத்தாலிய உணவகங்களில் பாஸ்தா, பீட்சா. காலையில் அப்பம், முட்டை சாப்பிடுபவர்களுக்கு ஆம்லெட். காபிக் கடைகளில் ரொட்டி வகைகள். சூப் வாங்கும்போது அது எந்தச் சாற்றில் செய்தது என்று கேட்டுவிடுங்கள். காய்கறி சூப் என்று பெயர் இருந்தாலும் கோழிச் சாறு இருக்கக்கூடும். சனிக்கிழமை இரவு முன்பதிவு இல்லாமல் போனால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டிவரும். இரண்டாம் நாளே தயிர்சாதம் கேட்கும் நாக்கு உள்ளவர்கள் சின்ன ரைஸ் குக்கரும் ஊறுகாய் பாட்டிலும் எடுத்துப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பழைய விடுதி அறைகளில் சமைக்க விடமாட்டார்கள், வாடகை வீட்டில்தான் அது நடக்கும்.

குழந்தைகளுக்கு என்ன இருக்கிறது?

பழம்பொருள் கடைகளில் அவர்கள் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க மாட்டார்கள், நிற்கும் பத்து நிமிடமும் நமக்குத்தான் பதைப்பு. வரலாற்று அருங்காட்சியகத்தில் பழைய ஈயச் சுரங்கக் குழியின் உள்ளே எட்டிப் பார்க்க முடிந்ததை என் மகன் இன்னும் சொல்கிறான். மிசிசிப்பியை ஒட்டிய செஸ்ட்நட் மவுண்டனில் குளிர்காலத்தில் பனிச்சறுக்கும், கோடையில் சறுக்கு வண்டியும் உண்டு.

எலிசபெத்தில் இருக்கும் ஆப்பிள் ரிவர் கோட்டை, சற்றுப் பெரிய குழந்தைகளுக்கு. 1832 ஜூன் 24 அன்று, தங்கள் நிலத்தை விட்டு விரட்டப்பட்ட சாக் மக்களின் தலைவர் பிளாக் ஹாக் தன் வீரர்களோடு தாக்கிய கோட்டையை, அதே இடத்துக்கு அருகில் மறுபடியும் மரத்தால் கட்டி வைத்திருக்கிறார்கள். கோட்டைக்குள் இருந்தவர்களின் துணிச்சலை விளக்குபவர்கள் நன்றாகவே விளக்குவார்கள். வெளியே நின்றவர்கள் எதற்காகத் திரும்பி வந்தார்கள் என்பதை நாம்தான் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அருகில் வேறு எதைப் பார்க்கலாம்?

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், மூன்றைச் சேர்க்காதீர்கள். ஊரை விட்டு வெளியேறும் வழியிலேயே ஹார்ஸ்ஷூ மவுண்ட் என்னும் புல்வெளிக் குன்று இருக்கிறது. தெளிவான நாளில் மூன்று மாநிலமும் தெரியும், சூரியன் மறையும் நேரம் போனால் போதும். மழையாக இருந்தால் அயோவாவின் டுபியூக் நகருக்குப் போய், மிசிசிப்பி ஆற்று அருங்காட்சியகத்தில் மீன் தொட்டிகளுக்கு முன்னால் அரைநாளைக் கழிக்கலாம். மாநிலத்தின் மிக உயரமான இயற்கை மேடான சார்ல்ஸ் மவுண்ட் பக்கத்தில்தான் இருக்கிறது. உயரம் 1,235 அடி; தனியார் நிலம் என்பதால் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு மாதமும் முதல் முழு வார இறுதியில் மட்டுமே பொதுமக்களை விடுவார்கள். ஏறினால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

நினைவாக என்ன கொண்டுவரலாம்?

கடைத்தெருவில் மிட்டாய், ஜாம், மெழுகுவத்தி, நகை, மது எல்லாம் விற்கிறார்கள். விலை சுற்றுலா ஊருக்குரிய விலைதான். என் பரிந்துரை ஓர் அஞ்சலட்டை. டிசோட்டோ விடுதியிலிருந்து சில அடி தள்ளி, கிரீன் ஸ்ட்ரீட்டில், 1857-இல் தொடங்கி 1859-இல் கட்டி முடித்த அஞ்சலகம் இன்றும் அஞ்சலகமாகவே இயங்குகிறது. இதன் கட்டுமானத்தை மேற்பார்வையிட்ட பொறியாளர் ஈலை பார்க்கர், செனெக்கா பழங்குடியைச் சேர்ந்தவர். இந்த வேலைக்காகக் கலீனாவுக்கு வந்த இடத்தில் கடை எழுத்தராக இருந்த கிராண்டோடு நட்பானவர். போர் முடிவுக்கு வரும் நிலையில் 1865 ஏப்ரல் 9 அன்று தென்படைத் தளபதி லீ சரணடைந்தபோது, அதன் நிபந்தனைகளைத் தன் கையால் படியெடுத்து எழுதியவர் அவரே. சுண்ணாம்புக்கல் சுவரும் தேய்ந்த படியுமாக இருக்கும் அந்தக் கட்டடத்தில் ஒரு தபால்தலை வாங்கி, ஊரில் இருக்கும் யாருக்காவது நாலு வரி எழுதிப் போட்டுவிட்டு வாருங்கள். சனிக்கிழமைகளில் சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்பதால் அந்த வேலையைக் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது.